முழங்காலுக்கு ஏறெடுத்த இரண்டு மாத ஜெபம்

அன்பான சகோதர சகோதரிகளே, கூடியிருந்த சபைக்கு முன்னால் நான் பொய் சொன்னவன். அதுவும் என் சொந்த முழங்காலைப் பற்றி. அதற்கு ஒரு நோவும் இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக முணுமுணுக்காமல் என்னைச் சுமக்கிற முழங்கால் அது. அதன் பெயரைக் கெடுத்ததற்கு முதலில் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நோவு வேறிடத்தில். 1931ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில், மழை பிடிக்கிற சமயத்தில் தொடங்கியது. நீர் பிரியும்போது எரிச்சல். உட்காருகிற இடத்துக்கு உள்ளே யாரோ சுட்ட கூழாங்கல்லை வைத்துத் தைத்துவிட்டதுபோல் ஒரு கனம். அரை மணிக்கு ஒருதரம் ஓட வேண்டும். ஓடிப்போய் நின்றால் நாலு சொட்டு. மலாயாவில் குளுவாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கன். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பிரட்டில் துரைக்குப் பக்கத்தில் நின்று ஆள் பெயர் வாசிக்கிறவன். பாதிப் பெயரில் நிறுத்திவிட்டு ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஓடுகிற கிராணிக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த இடத்து வியாதி என்றால் ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் நினைக்கும். வாலிபத்தில் இரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்தவன் நான். அங்கே நான் போன மிக மோசமான இடம் ஒரு வாசகசாலை. இதை யார் நம்புவார்கள்?

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கிராணியாரே, நிக்க முடியலையா? எங்க வலி?" என்றார்.

"முழங்கால்" என்றேன். வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அன்று தொடங்கிய ஜெபத்தைப் போல் நான் கேட்டதில்லை. அந்த முழங்காலுக்காகச் சபையார் கண்ணீர் விட்டார்கள். வீட்டுக்கு வீடு தைலம் வந்தது. எனக்கு மட்டும் பாயை எடுத்துவிட்டுக் கட்டை நாற்காலி ஒன்றைப் போட்டு, "முழங்காலுக்கு இதமா இருக்கும், உக்காருங்க" என்றார்கள். அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது.

வீட்டில் சுய வைத்தியம். என்னிடம் தடித்த இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் ஒன்று உண்டு. அதைப் படித்ததில் பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் ஜன்னி உட்பட ஒன்பது வியாதிகள் எனக்கு இருப்பதாகத் தெரிந்தது. பிறகு என் புத்தியையே நம்பினேன். தண்ணீர் குடித்தால்தானே வெளியே போக வேண்டும்? குடிப்பதை நிறுத்தினேன். சோர்வுக்குக் கடுங்காப்பி, நாக்கு செத்துப்போனதற்கு எலுமிச்சை ஊறுகாய், மழைக் குளிருக்குச் சனிக்கிழமை கொஞ்சம் பிராந்தி. எரிகிற அடுப்புக்கு விறகு தள்ளியவன் நானே.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு காலை குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு தம்பட்டம்போல் விறைத்தது. என் மனைவி ரெபேக்காள் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சபையில் அரை மணி நேரம் அலங்காரமாக ஜெபிக்கிறவன் நான். அன்று வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, முழங்கால் இல்லை. உமக்குத் தெரியும். பயமா இருக்கு. சாக மனசில்லை."

ஆமென் சொல்லி முடிக்கவில்லை. வாசலில் குரல் கேட்டது. "ஐயா! உள்ள இருக்கீங்களா?"

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் கோவிந்தன். ரெபேக்காள் போகிற வழியில் அவரிடம், "அவருக்கு இன்னிக்கு முழங்கால் ரொம்ப மோசம், போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கையில் தைலப் புட்டியோடு வந்து, "காலை நீட்டுங்க" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நீட்டியிருப்பேன். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அலமாக்!" என்று மலாய்க்காரர்போல் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனை நாளா?"

"இரண்டு மாசம்."

"எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட என்கிட்ட வந்து காட்டிட்டுப் போறான். நீங்க இவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம்? தோட்டத்து லாரியைக் கூப்பிடறேன், ஏறுங்க."

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டர் விரலால் சோதித்தார். அந்தப் பகுதியைச் சகோதரிகளை முன்னிட்டு விட்டுவிடுகிறேன். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் உள்ள பிராஸ்டேட் என்ற கோளம் அழன்று வீங்கியிருக்கிறது, தப்பு வழியில் வந்ததல்ல என்றார். இன்னும் ஒருநாள் கடந்திருந்தால் கத்தி, அல்லது பெட்டி.

பத்து நாள் படுக்கை, வெள்ளை மாத்திரைகள். வீட்டுக்கு வந்த பிறகு கோவிந்தன் சட்டம் போட்டார், ரெபேக்காள் போலீஸானாள். காப்பி, ஊறுகாய், மிளகாய், பிராந்தி எல்லாம் நாடு கடத்தப்பட்டன. காலையிலிருந்து மாலைவரை செம்புசெம்பாகத் தண்ணீர். சீனன் கடைப் பார்லியைக் கஞ்சியாக வடித்து உப்பில்லாமல் ஒரு கோப்பை. வறுத்த பரங்கி விதை ஒரு பிடி. கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் ஓர் இலை உண்டு. பூவுக்கு நீளமான மீசை இருப்பதால் பூனைமீசை என்று பெயர். டாக்டர் குடிக்கலாம் என்ற பிறகு அதன் கஷாயமும் சேர்ந்தது. பழைய பாயை வேகவைத்த ருசி. தினமும் காலையில் தகரத் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் இடுப்பு முழுக உட்கார வேண்டும். பெரிய கிராணி தவளைபோல் குந்தியிருக்க, "நல்லா உள்ள உக்காருங்க, மூழ்கிட மாட்டீங்க" என்பாள் ரெபேக்காள்.

மார்ச் தொடக்கத்தில் கூழாங்கல் மிளகாகச் சுருங்கியது. ஈஸ்டருக்குத் தேடியும் அகப்படவில்லை. மாத்திரையா, விதையா, வெந்நீரா, எது குணமாக்கியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தனை என் வாசலுக்கு அனுப்பியவர் யார் என்று மட்டும் தெரியும். இன்றும் வாயைக் கட்டாவிட்டால் எரிச்சல் எட்டிப் பார்த்து ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறது.

ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து உண்மையைச் சொன்னேன். உபதேசியார் மெல்லக் கேட்டார்: "அப்போ நாங்க ஜெபிச்ச முழங்கால்?"

"மான்கால் மாதிரி இருக்கிறது ஐயா" என்றேன். சிரித்து மன்னித்தார்கள். அந்த வாரத்திலேயே மூன்று பேர் தனித்தனியாக என் ஆபீசுக்கு வந்து, "எனக்கு இல்ல, என் மச்சானுக்கு" என்று விசாரித்தார்கள். மச்சான்மார் மூவரையும் கோவிந்தனிடம் அனுப்பினேன்.

இப்போது என் ஜெபங்கள் சிறியவை. வியாதியின் பெயரை மறைப்பதில்லை. சகோதரரே, உங்களுக்கும் இப்படி ஒரு முழங்கால் வலி இருந்தால் அந்தக் கோளத்தைப் படைத்தவரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள். அவர் கூச்சப்பட மாட்டார். அவர் அனுப்புகிற ஆளிடமும் சொல்லுங்கள். நம்பிச் சொன்னவனை அவர் கைவிடவில்லை. அதற்கு நான் சாட்சி.

இந்தச் சாட்சியைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் கோவிந்தனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முருகபக்தர். கைகட்டி முழுவதும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா அடுத்த தடவை என்கிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறமா ஜெபம் பண்ணுங்க. எப்படியும் அவர் என்னைத்தானே அனுப்பப்போறார்? உங்க வீட்டு மேட்டுல மழையில ஏறி வர்றது எனக்கு மிச்சமாகும்."