உப்பு எங்கன போச்சு

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் குறைதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் சமையலை ஒரு நாள்கூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. "உப்பு எங்கன போச்சு?" என்பார். "இதுக்குப் பேரு குழம்பாக்கும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, விருதுநகர் கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா நாலு சால்னாவோடு உள்ளே போனால்தான் முகம் தெளியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவருடைய உணவுக்குழாயில் கட்டி வந்து அடைத்துவிட்டது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நான் சாத்தூரில் நர்ஸ். எத்தனையோ பேருக்குக் குழாயில் கஞ்சி ஊற்றியவள்தான். ஆனாலும் இவருக்கு ஊற்றும்போது அளவை இரண்டு தடவை சரிபார்த்தேன். கஞ்சி, பால், முட்டை, உடம்பு தேறுவதற்கு இரண்டு கரண்டி எண்ணெய்.

வாய்க்கு ஏதாவது கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மென்று துப்பலாம் என்றார். அந்த ஞாயிறே பரோட்டா வாங்கி வந்தேன். பசியோடு தவிக்க வேண்டாமே என்று முதலில் குழாயில் ஊற்றி முடித்துவிட்டு, ஒரு துண்டைச் சால்னாவில் நனைத்து வாயில் வைத்தேன். இரண்டு கடி மென்று டம்ளரில் துப்பினார்.

"அட்டைய மெல்லுற மாதிரி இருக்கு. கடைய மாத்திட்டியா?"

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கு அட்டை தெரியும்.

"ஆமா, மட்டமான கடையாத் தேடி அலைஞ்சு வாங்கியாந்தேன்!" என்று கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் புலம்பினேன். "கொழுப்பு குடலுக்குள்ள போனதுமே மூளைக்குத் தகவல் போயிரும்க்கா. அப்புறம் நாக்கு ருசியச் சொன்னாலும் மூளை முன்ன மாதிரி கண்டுக்கிறாது. வெறும் வயித்துல குடுத்துப் பாருங்க" என்றாள்.

"கர்த்தாவே! நாக்கத் தொடாம குழாய் வழியாப் போனாலுமா?"

"போனாலும்தான்க்கா."

அடுத்த ஞாயிறு முதலில் பரோட்டா, பிறகு குழாய். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றார்.

"சால்னால உப்புக் கம்மி" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின.

பிறகு எடை இறங்கியது. எடை ஏறாவிட்டால் கட்டியைக் கரைக்க அடுத்த தவணை மருந்து ஏற்ற முடியாது என்றார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊற்றச் சொன்னார், எண்ணெயும் கூடுதலாக. அதன் பிறகு அவர் வயிறு காலியாக இருந்த நேரமே இல்லை.

"இன்னைக்கு ஒரு தடவை மட்டும் ஊத்தாம இரேன்" என்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை. பரோட்டாப் பொட்டலம் பக்கத்தில் இருந்தது.

"முடியாதுங்க. நாளைக்கு எடை பாப்பாக."

ஊற்றினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொட்டலத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கையை நீட்டினார். ஒரு துண்டை நனைத்துக் கொடுத்தேன். மென்றார், துப்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

உப்பு இல்லை என்று சொல்லித் தொலையுங்களேன் என்று அவர் காலைப் பிடித்துக் கதற வேண்டும்போல் இருந்தது.

"இன்னொரு துண்டு தரவா?" என்று கேட்டேன்.