கரண்டியில் ஒட்டும் ஆடை

அன்று பட்டறையில் பக்கத்து மேசை அண்ணன் கரைசலை வழியவிட்டுத்தான் உலோக வில்லைகளை எடுத்தாரா, அப்படியே இடுக்கியால் தூக்கினாரா? ஐந்து வருடமாகியும் என்னால் சொல்ல முடியவில்லை. மகளுக்கு ஆற்றிய பாலிலிருந்து கரண்டியை எடுக்கும்போது ஆடை அதில் சுற்றிக்கொண்டு வரும். "ஆடை வேணாம்மா" என்று அவள் முகம் சுளிப்பாள். உடனே எனக்கு அந்தக் கேள்வி வந்துவிடும்.

திருமணமான புதிதில் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். இடுப்பு மூட்டில் பொருத்தும் டைட்டானியத் தண்டுகளை அமிலத்தில் பதப்படுத்தித் தருவோம். உடம்புக்குள் போகும் உலோகத்தை எலும்பின் செல்கள் வெற்று உலோகமாகப் பார்ப்பதே இல்லை. அவை வருவதற்குள் இரத்தத்தின் புரதங்கள் முந்திக்கொண்டு அதன்மேல் ஒட்டிப் படலமாகிவிடும். எலும்பு நன்றாகப் பிடிப்பது அந்தப் படலத்தையும் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு தொகுதியோடும் அதே உலோகத்தில் பொத்தான் அளவில் ஆறு வில்லைகளைப் பதப்படுத்தி, புரதக் கரைசலில் ஊறவைத்து, எவ்வளவு ஒட்டியது என்று அளப்பது வழக்கம்.

அளப்பவர் பக்கத்து மேசை அண்ணன். நொச்சிக்குப்பத்துக்காரர். கைவேகம் அப்படி. "இன்னாம்மா, நான் தும்முனாக்கூட நோட்டுல எழுதிக்குவ போல கீதே" என்று என்னைக் கிண்டல் செய்வார். நான் கர்ப்பமான பிறகு அமிலத் தொட்டிப் பக்கமே விடமாட்டார். "தள்ளி குந்து. உன் வூட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"

எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஊறவைத்த கரைசலின் மேலும் பாலாடைபோலப் புரதம் படர்ந்திருக்கும். வில்லையை நேராகத் தூக்கினால் அதுவும் ஒட்டிக்கொண்டு வந்து, உலோகம் பிடிக்காததையும் பிடித்ததாகக் காட்டிவிடும். ஆகவே சுத்தமான உப்புக் கரைசலை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்து, பழையது முழுக்க வழிந்தபின்தான் எடுக்கவேண்டும். அரைமணி நேரமாவது பிடிக்கும்.

அன்று நான்கு மணிக்கு எனக்கு மயிலாப்பூரில் ஸ்கேன். மூன்றேகாலுக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கையெழுத்தப் போட்டுட்டு நீ கெளம்பு. புள்ளையப் பாத்துட்டு வா. இதுங்கள நான் பாத்துக்கறேன்." பார்க்காமலே 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டேன். கதவருகே திரும்பியபோது அவர் இடுக்கி கரைசலுக்குள் இருந்தது. உப்புக் கரைசல் குடுவை தளும்பத் தளும்ப நிறைந்திருந்ததாக நினைவு; அப்படியென்றால் ஊற்றவே இல்லை. வேறொரு குடுவையைக் காலிசெய்துவிட்டு இதை எடுத்து வைத்திருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

மறுநாள் ஆறு எண்களும் வழக்கத்தைவிடக் கூடுதல். தொகுதி தேறியது. "பாத்தியா, உன் புள்ள ராசி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை அடையாறில் என் மாமனாருக்கு இடுப்பு மூட்டு மாற்றுகிறார்கள். பேத்தியோடு பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்துபோக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார். மருத்துவர் காட்டிய பெட்டியில் இருந்தது, எங்கள் பட்டறைக்குத் தண்டுகளை அனுப்பும் நிறுவனத்தின் பெயர். அண்ணன் இன்னும் அங்கேதான் அளக்கிறார்.

அன்று ஒருநாள் மட்டும் அப்படி என்றால், எனக்காகச் செய்தார், குற்றத்தில் பாதி என்னுடையது, அந்தத் தொகுதி போய் ஐந்து வருடமாகிறது, மாமனாருக்கு ஆபத்தில்லை. அதுவே அவர் வழக்கம் என்றால்? குப்பத்துப் பேச்சு இல்லாமல் என்னைப்போலப் பேசுகிறவராக இருந்திருந்தால் இவ்வளவு சந்தேகப்பட்டிருப்பேனா என்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். "எத்தனையோ டெஸ்ட் தாண்டித்தான் வருது, நீயா எதையாவது கெளப்பாதே" என்கிறார் கணவர்.

மருத்துவரிடம் சொன்னால் அண்ணனின் வேலை போகலாம். அண்ணனிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்பார். அதை நம்புவேனா என்று தெரியவில்லை. சொல்லாமலிருந்து மூட்டு பிடிக்காமல் போனால், அந்த வீட்டில் நான் எப்படி நடமாடுவேன்? இன்று காலையும் பாலை வடிகட்டித்தான் கொடுத்தேன். ஆடை சுற்றிய கரண்டி கழுவாமல் கிடக்கிறது. வியாழக்கிழமைக்குள் நான் முதலில் யாரிடம் பேசவேண்டும்? இப்படியொரு நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.