வருகைக்குப் பிறகு மோட்டார் போட ஓர் ஆள்

இன்று காலை வயலில் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் டேனியல் அண்ணன் வந்து தன் மோட்டார் கொட்டகைச் சாவியை நீட்டினார்.

"வெளியூர் போறீங்களாண்ணே?"

"இல்ல தம்பி. கர்த்தர் வருகை நெருங்கிடுச்சு. உபத்திரவ காலத்துக்கு முன்னாடியே எங்க சபையார உயிரோடயே பரலோகத்துக்கு எடுத்துக்குவாரு. குறுவை பால் பிடிக்கிற நேரம். நான் போனாலும் பயிர் காயக் கூடாதுல்ல?"

அண்ணன் பெந்தெகொஸ்தே சபை. நான் ஞாயிறு தவறாமல் லுத்தரன் கோயிலுக்குப் போகிறவன்.

"நானும் கிறிஸ்தவன்தானேண்ணே?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"மேலண்டை வயல் கோவிந்தராஜைத்தான் முதல்ல நெனச்சேன். அவரு இப்ப எங்க ஜெபத்துக்கு வர ஆரம்பிச்சிட்டாரு. அவர நம்ப முடியாது. நிச்சயமா இங்கயே இருக்கிற ஆளா வேணும்."

சாவியை வாங்கிக்கொண்டேன். பயிர் என்ன பாவம் செய்தது?

மாலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டூப்ளிகேட் சாவி போட்டு வந்தேன். கடைசி நேரத்தில் என்னையும் கூப்பிட்டுவிட்டால்?

மன்னார்குடிப் பக்கம், நிச்சயமாக இங்கேயே இருக்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மோட்டார் போடத் தெரிந்திருந்தால் போதும்.