தாளாளர் வாசித்த பெயர்கள்

இன்று எங்கள் பள்ளிக்குக் கடைசி வேலைநாள். தக்கலை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

போன ஜூனில் எங்கள் தாளாளர் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக் கணக்குப் பாடத்தைத் தன் மருமகளுக்குக் கொடுத்தார். எனக்கு பி பிரிவு.

"பி செக்‌ஷன் பிள்ளையள் எப்படியும் தேறாது டீச்சர். ஒங்களுக்கு அது போதும்" என்றார், மொத்த ஸ்டாஃப் ரூமும் கேட்க. நோட்டுக் கட்டு எடுக்க வந்த பி பிரிவு ஜெனிஷாவும் வாசலில் நின்று கேட்டாள்.

வருஷம் முழுக்க சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்தேன். எல்லாம் பாசம் என்று நினைக்காதீர்கள், பாதிக்கு மேல் கோபம்.

முழுப்பரீட்சையில் பி பிரிவு மொத்தமும் கணக்கில் பாஸ். ஏ பிரிவில் மூன்று பேர் ஃபெயில்.

காலையில் என் பிள்ளைகளின் பாஸ் பட்டியலை, பிரிவு போடாமல், தாளாளரிடம் நீட்டினேன். "சார் வாயால கேக்கணும்னு பிள்ளையளுக்கு ஆசை."

மைக் என்றால் மனுஷனுக்கு உயிர். பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

அசெம்பிளியில் பாதிப் பெயர் வாசித்த பிறகுதான் அது எந்தப் பிரிவு என்று உறைத்தது. குரல் இறங்கிவிட்டது.

முன்வரிசையிலிருந்து ஜெனிஷா, "சார், பி செக்‌ஷன்னு சேத்து வாசிங்க சார்" என்றாள்.

வாசித்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் ஏ செக்‌ஷன் எடுக்கியளா டீச்சர்?" என்றார்.

"வேண்டாம் சார். மருமகளே பாக்கட்டும்."

மன்னித்திருக்கலாமே என்று கமெண்ட் போட வரும் மக்கா, உங்கள் தாளாளர் உங்களை என்ன சொன்னார் என்று முதலில் எழுதுங்கள்.