சீட்டுக்கடியில் கூவிய சேவல்

ராசிங்காபுரத்து அமுதவள்ளி போனை அணைத்ததே இல்லை. ஏலத்தோட்டத்தில் டவர் கிடையாது. தேடித் தேடியே சார்ஜு தீர்ந்துவிடும் என்று மற்றவர்கள் மலையேறியதும் அணைத்துவிடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பு டிரைவர் வீரணன், அவள் வீட்டுக்காரர், மலையடிவாரத்து முந்தல் தாண்டினாலே அணைத்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகள் வித்யா, டவரில்லாமலே பக்கத்துப் போனோடு பேசும் செயலியை எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதற்காகவே அமுதவள்ளி அணைக்காமல் வைத்திருப்பாள். யாராவது கூப்பிட்டால் சேவல் கூவும்.

அன்று காலை அந்தப் போனை ஜீப்பிலேயே விட்டுவிட்டாள்.

"புருசனுக்குக் காவலுக்கு வச்சிட்டு வந்தியாக்கும்?" ஏலக்காய் எடுக்கும்போதெல்லாம் கருப்பம்மாள் சீண்டினாள். அவள் வீரணனுக்கு அக்கா முறை.

சாயங்காலம் மழை விட்டு ரோட்டுக்கு வந்தால், வளைவில் ரோடே இல்லை. சரிந்து பள்ளத்தில் கிடந்தது. பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாத பனி. கீழே, அவர்களை ஏற்றிப்போக வரும் வீரணனின் ஜீப்பு ஹாரன் கேட்டது.

அமுதவள்ளி கருப்பம்மாளை இழுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் சறுக்கி இறங்கினாள். ஓடை மறித்தது. அக்கரையில்தான் கீழ்வளைவு. கத்தினால் வெள்ளத்தின் இரைச்சல் விழுங்கியது.

"மதினி, போனப் போடுங்க, வெரசா!"

"தம்பி பேரே காட்டலையேடி!"

"அவுக அணைச்சிருப்பாக. என் பேரப் பாருங்க. என் போனு வண்டியிலதான கெடக்கு!"

பனிக்குள் ஜீப்பு விளக்கின் வெளிச்சம் திரும்பியது. திரையில் அமுதவள்ளி பேர் பச்சையாக எரிந்தது. கருப்பம்மாள் அழுத்தினாள். ஜீப்பு நிற்காமல் ஏறி மறைந்தது. பச்சை அணைந்தது. சரிவுக்கு இன்னும் ஒரே வளைவு.

அமுதவள்ளி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா, நீதான் பாக்கணும்..."

சிவப்பு விளக்கு ஒன்று பின்னோக்கி வந்தது. கருப்பம்மாள் கையில் போன் அடித்தது. வீரணன்தான்.

"சீட்டுக்கடியில சேவல் கூவுது! எவன்டா கோழி ஏத்துனான்னு நிறுத்திப் பாத்தா இவ போனு. அக்கா பேரு வந்து அந்துபோச்சு. பக்கத்துலதான் நிக்கணும்னு பின்னால எடுத்தேன். என்ன சோலி?"



"அப்பு, மேல போயிராத. ரோடு போச்சு," என்றாள் கருப்பம்மாள்.

அந்தப் பக்கம் இஞ்சின் நின்றது. அமுதவள்ளி எழுந்து போனை வாங்கினாள்.

"என் போன அணைச்சிராதீக," என்றாள்.