சிவகாமி கைக்கு ஏறாத வளையல்

வளையல் வியாபாரம் என்பது ஊரான் பெண்டாட்டியின் கையை அவள் புருஷன் எதிரிலேயே பிடித்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிற தொழில். கடை வைத்து வாடிக்கைக்காரர்களிடம் பட்ட மகராசர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்குப் புரியும். இரண்டாவது ஜெர்மன் சண்டைக்கு முந்தி, மதுரையில் அம்மன் சன்னதிப் பக்கம் எனக்குக் கடை. அங்கே வந்த ஒரே ஒரு கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று கலர் விரல்

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் சம்சாரம் சிவகாமி. முப்பது வயசு இருக்கும். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வளையலுக்குக் கையை நீட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரலெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பாரித்து, அப்புறம் செக்கச்செவேல் என்று ஆனது.

"என்னம்மா இது?" என்று பதறினேன். "குளத்துத் தண்ணியில கையை நனைச்சேன்ணே. குளுரு பட்டா இப்படித்தான். இம்புட்டுப் பயப்படுறீக, ஒங்க கடையில இல்லாத கலரா?" என்றாள்.

விரல் முட்டி வரைக்கும் என் பாடு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விரல் முட்டியைத் தாண்டுவதற்குள் வளையல் உடைந்தால் நஷ்டம் கடைக்காரனுக்கு. தாண்டிய பிறகு உடைந்தால் போட்டுக்கொண்டவளுக்கு. அதனால் நாங்கள் கையைப் பிசைந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கொஞ்சிக் கெஞ்சித்தான் ஏற்றுவோம்.

மறு வருஷம் சிவகாமி வந்தாள். எப்போதும் போடுகிற அளவு ஏறவில்லை. சோப்பு நுரை தடவினேன். ஊஹூம்! கை வீங்கினதுபோல இருந்ததே தவிர, பிசைந்தால் தோல் இம்மியும் நகரவில்லை. மேளத்துத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஆறு வளையல் போச்சு. ஒவ்வொன்றுக்கும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் பூக்கடைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டேன். சிவகாமி கையை உதறிக்கொண்டு சொன்னாள்: "ஒடைஞ்சது ஒங்க வளையலு, வலிச்சது என் கையி. சரிக்குச் சரியாப் போச்சு, வாரேண்ணே!"

கார்பாலிக் சோப்பு

அதற்கப்புறம் அவள் விரல்கள் மடங்கி நின்றன, தோல் பளபளத்தது. தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது, குஷ்டம் என்று. குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அந்தக் கையைத் தொட்டதை நினைத்துக் கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். வியாழக்கிழமை அவளைச் சமயநல்லூரில் இருக்கிற அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. அனுப்பினால் அனுப்பினதுதான், பிள்ளைகள் இரண்டும் இங்கே. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மாமியார்க்காரி பொன்னம்மாள் என் கடைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஊருப் பொம்பளைக கையெல்லாம் புடிச்சவன் நீயி. மனசறிஞ்சு சொல்லுப்பா, அது குஷ்டந்தானா?"

மாமியாரின் சந்தோஷம்

"நான் என்ன டாக்டரா ஆத்தா? ஆனா ஒண்ணு. அந்த நோய்க்காரி ஒருத்திக்கு வளையல் போட்டிருக்கேன். கண்ணாடி கீறி ரத்தம் வந்தும் அவளுக்குத் தெரியல. ஒங்க மருமக வளையல் பட்டாலே ஊரைக் கூட்டுறா. எதுக்கும் டாக்டர்ட்டக் காட்டிட்டு அனுப்புங்க" என்றேன். வாயைத் திறந்தேனா, மாட்டிக்கொண்டேன்! கடையைச் சாத்திவிட்டு, சாட்சிக்கு நானும் அவர்களோடு ஜட்காவில் ஏற வேண்டியதாயிற்று.

டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்து விரலில் லேசாகக் குத்தினார். சிவகாமி அலறிய அலறலில் வாசலில் நின்ற ஜட்காக் குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. பொன்னம்மாளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தடவ குத்துங்க டாக்டரய்யா!"

தடிப் புத்தகம்

டாக்டர் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. வாயை ஆவென்று திறக்கச் சொன்னார், பாதிதான் திறந்தது. குளிரில் விரல் வெளுக்குமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு மூன்று கலரையும் ஒப்பித்தேன். அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஸ்கிளிரோடெர்மா. நானே இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன்" என்றார். தோல் தானாக இறுகிக்கொண்டே போகுமாம். சிலருக்கு உணவுக் குழாய், நுரையீரல் வரைக்கும் போகுமாம். யாருக்கும் ஒட்டாது. ஆனால் குணமாக்க மருந்தும் இல்லை. குளிர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குழைவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சிவகாமி மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டது இதுதான்: "ஒட்டாதுன்னு எங்க தெருக் குழாயடியில வந்து ஒரு வார்த்தை சொல்லுவீகளாய்யா?"

மதுரையில் கம்பளி

டாக்டர் வந்து சொன்னார். சமயநல்லூர் வண்டி கிளம்பவில்லை. கம்பளியையே கண்டிராத மதுரை ஜனங்கள் வேடிக்கை பார்க்க, சிவகாமி கார்த்திகை பிறந்ததுமே புருஷனின் கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சுமங்கலி வெறுங்கையாக இருக்கக்கூடாது என்று பொன்னம்மாள் அழுதாள். நான் தெரிந்த ஆசாரியிடம் சொல்லி, கீல் வைத்துத் திறந்து மூடுகிற மாதிரி வெள்ளிக் காப்பு இரண்டு செய்து கொடுத்தேன்.

அதைப் பூட்டிவிட அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பொன்னம்மாள் சோற்றைக் கூழாகப் பிசைந்து மருமகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உப்பு இல்லை, சூடு இல்லை என்று சிவகாமி ஓயாமல் குறை சொன்னாள். பொன்னம்மாள் என் பக்கம் திரும்பினாள். "வாயி பாதிக்கு மேல மூடிப்போச்சு. இம்புட்டுப் பேச்சு எங்கிட்டிருந்துப்பா வருது?"

ஆயிரம் கைக்கு வளையல் ஏற்றியும் ஒருத்தி நல்ல வார்த்தை சொன்னதில்லை, ஒரே ஒரு கைக்கு ஏற்றத் தெரியாமல் முழித்ததற்குப் பொன்னம்மாள் என்னை எங்கே கண்டாலும் கும்பிடுவாள்.