வேற்றுக்கிரக வணக்கம்

வானத்திலிருந்து ஆட்கள் இறங்கி வருகிற படத்தில் ஒரு சண்டைகூட இல்லையென்றால் எந்தக் குழந்தைக்குத்தான் கோபம் வராது? நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் போட்ட டப்பிங் படம் அது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே அச்சு. தன்னோடு பழகிய ஒருவரை அவர்களில் அடையாளம் தெரியாமல் ஒரு டாக்டரம்மா தவிப்பார். கடைசியில் தன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். கூட்டத்தில் ஒன்று மட்டும் அதேபோல் கை வைக்கும். எங்கள் வடக்குப்பட்டில் தலையில் கை வைத்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். அவர்களுக்கு அது வணக்கமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூட வேலை செய்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. இதில் வேடிக்கை, அப்பாவுக்கும் அக்காவுக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. அப்பா அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரே கேட்டில் நுழைந்து, முகம் பார்க்காமலே இருவரும் வீடு திரும்பினார்கள்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை குடும்ப தினம் வைப்பார்கள். அந்த வருஷம் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். பெற்ற மகளை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அப்பா பிரியாணி வரிசையில் நின்றதும் என்னை இழுத்துக்கொண்டு, அக்கா வேலை செய்யும் உற்பத்தி லைனைச் சுற்றிக் காட்டும் கூட்டத்தில் நுழைந்துவிட்டாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லைன் ஓடிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, தொப்பி, மாஸ்க். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பாதிப் பேர் தெற்கே எங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள். அவர்களைப் பார்க்க அன்று யாரும் வந்திருக்கவில்லை.

“இன்னாடி இது, எது நம்ம புள்ளன்னே தெரியலியே.” அம்மா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தேடினாள்.

“அந்தப் படத்துல வர மாதிரி செய்யிம்மா” என்றேன். எனக்கு அது விளையாட்டு.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கத்திலிருந்தவர்கள் பதறித் திரும்பினார்கள். உள்ளே நடு வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து எங்களையே பார்த்தாள். பிறகு மெல்ல வலது கையைத் தூக்கித் தொப்பிமேல் வைத்தாள்.

அக்காவுக்கு எதற்கும் இடது கைதான் முந்தும். அதற்காக அம்மாவிடம் அவள் வாங்காத அடி இல்லை.

“யம்மா, அது அக்கா இல்ல.”

“தெரியும். சும்மா இருடி.”

கண்ணீர் வழிய அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். தொப்பியைத் தொடக் கூடாதாம். சூப்பர்வைசர் வந்து ஏதோ சொன்னார். அவள் கையை இறக்கிக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அம்மாவும் இறக்கினாள். அதற்குள் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அக்கா எந்த மூலையில் இருந்தாள், எங்களைப் பார்த்தாளா என்பது கடைசிவரை தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முன்சீட்டில் தூங்கிய பிறகு கேட்டேன்: “அக்கா இல்லன்னு தெரிஞ்சும் ஏம்மா அப்டியே நின்னுகினு இருந்த?”

“அது கைய எறக்கலியே. நான் எப்டிடி எறக்கறது?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்த மகளைத் தேடாமல், யாரோ ஒருத்திக்காக நின்று நேரத்தை வீணாக்கிவிட்டாளே என்று ஊர் வந்து சேரும்வரை அம்மாவோடு பேசாமல் வந்தேன்.